பசி வந்த ஜெனரேட்டர்

சின்ன எஞ்சின்களுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. ஸ்டார்ட் ஆகும். ஓடும். ஆனால் ஒரே சுருதியில் ஓடாது. 'ஊ...ம்ம்ம்ம்' என்று ஆவேசமாக ஏறும். உச்சத்துக்குப் போய், 'ம்ம்... ம்ப்' என்று மயக்கம் போடப் பார்க்கும். இதோ நின்றுவிட்டது என்று நாம் நினைக்கிற நேரத்தில் மறுபடி 'ஊ...ம்ம்ம்ம்'. யாரும் ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை. தானாகவே ரேஸ் ஆகிறது, தானாகவே இறங்குகிறது. மெக்கானிக்குகள் இதை 'ஹண்டிங்' என்பார்கள். வேட்டைதான். எதைத் தேடி என்பதில்தான் சூட்சுமம்.

அமெரிக்காவில் வீட்டு வாசலில் புல்தரை வைத்திருக்கிற நம் ஆட்களுக்கு இது ஏப்ரல் மாத வியாதி. பனிக்காலம் முழுக்க ஷெட்டில் தூங்கிய புல்வெட்டும் மெஷினைக் கயிறு இழுத்து எழுப்பினால் இப்படித்தான் அழும். மடிப்பாக்கத்தில் நமக்குப் புல்லுக்கு எங்கே போவது? பால்கனியில் ஒரு துளசி, ஒரு மணி பிளான்ட். ஆகவே நமக்கு இந்த வியாதி ஜெனரேட்டர் ரூபத்தில் வருகிறது. உள்ளே இருப்பது ஏறக்குறைய அதே எஞ்சின்தான். அதே கயிறு. அங்கே பிளேடு சுற்றுகிறது, இங்கே கரண்ட் வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வீட்டு ஜெனரேட்டர் மதுரை மச்சான் உபயம். 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம்தான் மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் என்று போய்க்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். மச்சான் அப்போது செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். கையில் தூக்கிப் போகிற சைஸில், 650 வாட் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினார். மின்வெட்டு போச்சு, அப்புறம் ரீசார்ஜ் கடையும் போச்சு. ஜெனரேட்டருக்கு வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, சந்தனம் குங்குமம் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. 2023 தீபாவளிக்கு வந்தபோது கார் டிக்கியிலிருந்து இறக்கினார்.

"மாப்ளே, இதை நீங்க வெச்சுக்கங்க. உங்க ஊர்லதான் வருஷா வருஷம் வெள்ளம் வருதுல்ல."

"ஓடுமா மச்சான்?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! டாங்க்கைச் சுத்தமாக் காலி பண்ணித்தான் கொண்டாந்திருக்கேன்."

டாங்க்கைக் காலி பண்ணினார், வாஸ்தவம். டாங்க்குக்குக் கீழே கார்புரேட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதன் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, அதில் நாலைந்து ஸ்பூன் பெட்ரோல் எப்போதும் தேங்கி நிற்கும் என்பது மச்சான் விஷயத்தில் சேர்த்தியில்லை. அது எந்த வருஷத்துப் பெட்ரோல் என்று தெரிய தொல்பொருள் துறைக்குத்தான் எழுதிப் போட வேண்டும்.

தீபாவளி முடிந்து மூன்று வாரம். டிசம்பர் 4. மிக்ஜாம். புயல் கரையைக் கடந்தது என்னவோ மறுநாள், ஆந்திராவில், பாபட்லா பக்கம். மழையை மட்டும் நம் தலையில் இறக்கிவிட்டுப் போயிற்று. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். காலையிலேயே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான், தண்ணீரும் கரண்ட்டும் சேர்ந்தால் ஆள் போய்விடும். சாயங்காலம் இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாக 'கீ... கீ...' என்று கத்தி அடங்கின. செல்போனில் டவர் இல்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டு மாமா படியிறங்கி வந்தார். ரிடையர்டு ஹெட்மாஸ்டர். அநாவசியமாக யார் வீட்டுக் கதவையும் தட்டாதவர்.

"தம்பி, உங்காத்துல ஜெனரேட்டர் இருக்குன்னு குழந்தை சொன்னா. மாமிக்கு இழுப்பு ஜாஸ்தியாயிண்டிருக்கு. மத்தியானம் நெபுலைஸர் வெச்சது. பஃப் இருக்கு, ஆனா அதை இழுக்கறதுக்கே மூச்சு வரலை. ஒரு பத்து நிமிஷம் கரண்ட் கிடைச்சாப் போறும்."

குரலில் பதற்றமே இல்லை. அதுதான் எனக்குப் பதற்றமாக இருந்தது. ஆம்புலன்ஸ் வர வேண்டுமென்றால் படகாக வர வேண்டும்.

கீழ்த்தளத்துப் பையன் ஒருத்தனிடம் பழைய நூறு சி.சி. பைக் இருந்தது. சாய்தளத்தில் மேடாக நிறுத்தியிருந்ததால் தப்பித்திருந்தது. அதிலிருந்து ட்யூப்பைக் கழற்றி ஒன்றரை லிட்டர் பெட்ரோல் பிடித்தோம். (என் வண்டியில் இந்த வேலை நடக்காது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலும் எல்லாம் இன்ஜெக்‌ஷன். திருகித் திறக்க டேப்பும் கிடையாது, கழற்றித் துடைக்க கார்புரேட்டரும் கிடையாது. நல்லதுதான். ஆனால் இந்த மாதிரி ராத்திரிகளில் பழசுதான் சொந்தக்காரன் மாதிரி வந்து நிற்கிறது.)

ஜெனரேட்டரை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், தண்ணீர் டாங்க்குக்கு அடியில் வைத்தோம். மேலே கூரை மாதிரி டாங்க், நாலு பக்கமும் காற்று. வீட்டுக்குள், பால்கனியில், படிக்கட்டில் எல்லாம் இதை ஓட்டவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, இருமலும் வராது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், எழுந்திருக்க மாட்டோம். இன்னொன்று: இதன் வயரை வீட்டு பிளக் பாயின்ட்டில் செருகி மொத்த வீட்டுக்கும் விளக்குப் போடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேனைக் கொன்றுவிடும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து நேரே மெஷின். அவ்வளவுதான்.

ஏழாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆயிற்று. 'ஊ...ம்ம்ம்ம்... ம்ப்.' ஆரம்பித்துவிட்டது வேட்டை!

மாமா புத்திசாலி. நெபுலைஸரைக் கையிலிருந்து கொடுக்கவில்லை. பூஜை அறையிலிருந்து 60 வாட் குண்டு பல்பைக் கொண்டுவந்து, "மொதல்ல இதைப் போடுங்கோ" என்றார். இந்த வேலைக்கு எல்.இ.டி. பல்பு உதவாது. உள்ளே இருக்கிற சர்க்யூட் ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும். குண்டு பல்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. எஞ்சின் ஏறும்போது கண் கூசியது. இறங்கும்போது ஊதுவத்தி நுனி மாதிரி ஆயிற்று.

காரணம் எளிது. இந்த மாதிரிச் சின்ன ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் நமக்கு வேண்டிய 50 சைக்கிள் கரண்ட் வரும். சுற்று மாறினால் சைக்கிள் மாறும், வோல்டேஜும் மாறும். நெபுலைஸர் உள்ளே இருப்பது ஒரு குட்டி மோட்டார். இந்த ஆட்டத்தில் போட்டால் எரிந்துபோகலாம். எரிந்தால் அந்த ராத்திரியில் இன்னொன்று எங்கே வாங்குவது?

"ஓடுது, ஆனா ஓடலை" என்றார் மாமா. ஹெட்மாஸ்டர்!

எஞ்சினுக்கு வேண்டியது மூன்றே மூன்று: மூச்சு, நெருப்பு, சோறு. மூச்சு என்பது ஏர் ஃபில்டர். மூடியைத் திறந்து ஸ்பாஞ்சை எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. நெருப்பு என்பது பிளக். கழற்றினால் நுனி வெளிறி, சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. இடைவெளியில் ஹாக்ஸா பிளேடு சரியாக நுழைந்தது. அது போதும், வேண்டியது 0.7 மில்லிமீட்டர். பிளக் கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று அர்த்தம். வெளிறியிருந்தால் சோறு போதவில்லை.

அதை நிச்சயம் பண்ண ஒரு பரீட்சை உண்டு. ஸ்பானரே வேண்டாம். எஞ்சின் ஆட்டம் போடும்போது சோக் லீவரை மெல்லப் பாதிக்கு இழுக்க வேண்டும். சோக் என்பது காற்றின் வழியை அடைப்பது. காற்று குறைந்தால் இருக்கிற பெட்ரோலின் விகிதம் கூடும். அப்போது ஆட்டம் அடங்கினால், ஸார், அந்த எஞ்சினுக்குப் பசி. வேறு எதையும் நோண்டாதீர்கள். எனக்கு அடங்கியது.

சோக்கை இழுத்தபடியே ஓட்டிவிட்டால் என்ன என்று கீழ்த்தளத்துப் பையன் கேட்டான். கொஞ்ச நேரம் ஓட்டலாம். ஆனால் கை எடுத்தால் லீவர் நழுவுகிறது, பிளக் கருகும், பெட்ரோலை அள்ளிக் குடிக்கும். எங்களிடம் இருந்ததோ ஒன்றரை லிட்டர்.

வேட்டையின் ரகசியத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் கவர்னர் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரே வேலை: வேகம் குறைந்தால் கார்புரேட்டர் கதவைத் திறப்பார், கூடினால் மூடுவார். வயிற்றில் சோறு இல்லாமல் வேகம் குறைகிறது. கவர்னர் கதவைப் படாரென்று திறக்கிறார். பெட்ரோல் பாய்கிறது. வேகம் எகிறுகிறது. ஐயையோ என்று மூடுகிறார். மறுபடி பட்டினி. கவர்னர் மேல் தப்பே கிடையாது. ஆபீசில் நாம் பார்க்காததா? கீழே ஃபைல் நகராது, மேலே இருப்பவர் ஒரு நாள் கத்துவார், மறுநாள் கெஞ்சுவார்.

ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி எஞ்சினுக்குக் கவர்னர் வைத்த காலத்திலிருந்தே இந்த ஆட்டமும் கூடவே வருகிறது. மின்காந்தத்துக்குச் சமன்பாடு எழுதிய மாக்ஸ்வெல் இருக்கிறாரே, அவர் 1868-ல் கவர்னர் எப்போது அடங்கும், எப்போது ஆடும் என்று ராயல் சொஸைட்டிக்கு ஒரு கணிதக் கட்டுரையே எழுதினார். ராக்கெட் முதல் ரைஸ் மில் வரை இன்றைய கட்டுப்பாட்டு இயலுக்கு அதுவும் ஒரு பிள்ளையார் சுழி. மொட்டை மாடியில் அன்றைக்கு எனக்கு மாக்ஸ்வெல் ஞாபகம் வரவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பானர் எங்கே என்பதுதான் ஞாபகம்.

மெழுகுவர்த்தியை அணைத்து, பெட்ரோல் வாசனை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, செல்போன் டார்ச்சில் வேலை. முதலில் டேப்பை மூடினேன். கார்புரேட்டர் அடியில் இருந்த ஒரே ஒரு போல்ட், பத்தாம் நம்பர். கழற்றினால் கிண்ணம் கையோடு வந்தது. உள்ளே பெட்ரோல் இல்லை. கஷாயம்! தேன் நிறத்தில், வார்னிஷ் வாசனையோடு, அடியில் வெள்ளைப் பொடி. பெட்ரோல் கிடந்தால் இப்படித்தான். லேசான பாகம் ஆவியாகிவிடும், மிச்சம் காற்றோடு கூடிப் பிசினாகிவிடும். இதில் எத்தனால் வேறு. 2022-ல் பத்து சதவிகிதம் ஆயிற்று, 2025-ல் இருபது. எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சுபாவம் உள்ளது. ஓடுகிற வண்டியில் அது தங்காது. கிடக்கிற மெஷினில் உட்கார்ந்து அலுமினியத்தை அரிக்கும்.

கிண்ணத்துக்கு மேலே நடுவில் பித்தளையில் மெயின் ஜெட். திருப்புளியால் கழற்றி டார்ச்சுக்கு எதிரே பிடித்தேன். குண்டூசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். அமாவாசை! பிசின் அடைத்திருந்தது. இங்கேதான் பல பேர் ஊசியை விட்டுக் குடைவார்கள். விடக்கூடாது. எஃகு பித்தளையைவிடக் கெட்டி. துவாரம் பெரிதானால் அப்புறம் அந்த எஞ்சின் ஆயுசுக்கும் பெருந்தீனி தின்னும். எக்ஸ்டென்ஷன் வயரில் ஒரு துண்டு வெட்டி, உரித்து, அதிலிருந்து ஒரே ஒரு செப்பு இழை எடுத்தேன். சாதாரண ஃப்ளெக்ஸிபிள் வயரில் ஒரு இழை 0.2 மில்லிமீட்டர். செம்பு மெத்து, பித்தளையைக் காயப்படுத்தாது.

பிசின் லேசில் விடவில்லை. அசிடோன் இருந்தால் கரையும். வீட்டில் அசிடோன் நெயில் பாலிஷ் ரிமூவர் என்ற பெயரில் இருந்தது.

"என்னங்க, அது இப்பதான் வாங்கினது!" என்றாள் மனைவி. அப்புறம் மேலே மாமி இருமுகிற சத்தம் கேட்டதும், அவளே பஞ்சையும் எடுத்து நீட்டினாள். (ரப்பர், பிளாஸ்டிக் பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள். பித்தளைக்கு மட்டும்.)

ஜெட்டில் வெளிச்சம் தெரிந்தது. கிண்ணத்தைத் துடைத்து, வாஷர் பொருந்தாமல் ஊறிப்போய்க் கிடந்ததை ஊதி உலர்த்தி, மாட்டி, இழுத்தால்... முன்னைவிடத் தேவலை. ஆனால் ஆட்டம் போகவில்லை. பல்பு இன்னும் கண் சிமிட்டியது. மணி பத்தே முக்கால். மேலே இருமலும் நிற்கவில்லை.

அப்போது ஒன்று கவனித்தேன். எதேச்சையாக மேஜை மின்விசிறியையும் சேர்த்துச் செருகியபோது ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. பாரம் ஏறினால் கவர்னர் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார், மெயின் ஜெட்டிலிருந்து சோறு கிடைக்கிறது. பாரம் இல்லாதபோது கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். அப்போது ஊட்டுவது இன்னொரு ஜெட், பைலட். பட்டினி அங்கேதான். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட அந்த இருட்டில் நேரமில்லை. ஆனால் பாரம் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

"மாமா, பெரிய பல்பு ஏதாவது இருக்கா? இருநூறு வாட் மாதிரி?"

மாமா யோசித்தார். "கொலுவுக்குப் போடற ஃபோகஸ் இருக்கு. ரெண்டு."

மாமி வீட்டுக் கொலு எங்கள் தெருவிலேயே பெரிசு. பரணிலிருந்து இரண்டு 200 வாட் பல்பும் இறங்கின. போட்டதும் எஞ்சின் ஒரு தடவை முக்கியது. அப்புறம் ஒரே சுருதி! தம்புரா மாதிரி! குண்டு பல்பு கண் சிமிட்டாமல் நின்றது. மாமா ஒரு நிமிஷம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து, அப்புறம்தான் நெபுலைஸரைச் செருகினார்.

ஊர் முழுக்க இருட்டு. மாமி வீட்டு ஹாலில் மட்டும் நவராத்திரி வெளிச்சம். அதன் நடுவில் நாற்காலியில் மாமி, முகத்தில் மாஸ்க்கோடு, கண்ணை மூடிக்கொண்டு. பத்து நிமிஷம் ஆயிற்று. பன்னிரண்டு. தோள் ஏறி இறங்குவது மெல்லக் குறைந்தது. மாஸ்க்கைக் கழற்றியதும் மாமி சொன்ன முதல் வார்த்தை:

"அந்த ஃபோகஸை அணையுங்கோ, கண்ணு கூசறது."

மறுநாள் காலை வெளிச்சத்தில் பைலட் ஜெட்டைக் கண்டுபிடித்தேன். பாரத்துக்காக 400 வாட்டை வீணாக எரித்துக்கொண்டிருக்க முடியாதே, பெட்ரோல் பங்க்கே தண்ணீரில் நிற்கிறது. கார்புரேட்டரின் தலையில் பிளாஸ்டிக் கொண்டையோடு ஒரு சின்ன ஸ்க்ரூ, அதன் அடியில் செருகி வைத்திருந்தார்கள். அரிசியை நிமிர்த்தி வைத்த அளவு. அதன் துவாரத்தைப் பார்க்க என் கண்ணாடி போதவில்லை, கீழ்த்தளத்துப் பையன் கண்தான் உதவிற்று. பிளாஸ்டிக் இருப்பதால் ரிமூவர் இல்லை, பெட்ரோலிலேயே ஊறப்போட்டு, அதே செப்பு இழை. வாயால் ஊதினால் போகாத மிச்சத்துக்கு ஃபுட்பால் பம்ப். மாட்டி இழுத்தேன். இரண்டாவது இழுப்பு. பாரமே இல்லாமல், சோக்கும் இல்லாமல், ஆடாமல் அசையாமல் ஓடியது.

கரண்ட் 7-ம் தேதி சாயங்காலம்தான் வந்தது. அதுவரை மாமிக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நடுநடுவே பிளாட் முழுக்க செல்போன்கள் சார்ஜுக்கு வரிசையில் நின்றன. யாருடையது எது என்று தெரிய மாமா ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி நம்பர் எழுதினார்.

கடைசித் தடவை அணைக்கும்போது சுவிட்சைத் தொடவில்லை. பெட்ரோல் டேப்பை மட்டும் மூடிவிட்டு ஓடவிட்டேன். கிண்ணத்தில் இருந்ததைக் குடித்துத் தீர்த்து, கடைசியில் நாலு தரம் 'ஊம்... ஊம்' என்று கேட்டுப் பார்த்து, தானே நின்றது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை புதுப் பெட்ரோல் கொஞ்சம் ஊற்றி, கால் மணி நேரம் ஓட்டி, இதே மாதிரி காய வைத்துவிட்டால் பிசினுக்கு வழியில்லை.

டவர் வந்ததும் முதல் போன் மதுரையிலிருந்து.

"தங்கச்சி சொல்லுச்சு மாப்ளே, நல்லா ஓடுதாமே! நான்தான் அப்பவே சொன்னேன்ல? சரி சரி, வர்ற ஆயுத பூஜைக்கு மறக்காம சந்தனம் வைங்க."